வாங்காமல் வைத்திருந்த விளையாட்டு

கயல்விழி குளியலறையில் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தாள். வேலைக்குக் கிளம்பும் முன் கணவன் இனியவனுக்கு உடம்பு துடைத்துவிட வேண்டும். வெந்நீர் ஆறுவதற்குள் போய்விடலாம் என்று திரும்பியவள், அறைக்குள் இனியவன் பேசுவதைக் கேட்டு அப்படியே நின்றாள்.

கட்டில் கம்பியில் மாட்டியிருந்த ஃபோனில் அவன் ஃபாஜிலுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தான். ஃபாஜில் அதிராம்பட்டினத்துக்காரன். கல்லூரி விடுதியில் இனியவனோடு ஒரே அறையில் இருந்தவன். இப்போது ஷார்ஜாவில் வேலை. அவனோடு இனியவன் பேசிப் பல வாரங்களாகிவிட்டன. அதனால் அந்தக் குரலைக் கேட்டதும் முதலில் கயல்விழிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"நாம ஆடுவோமே மச்சான், அந்தக் கப்பல் கேம். அதுல புதுசு ஒண்ணு இந்த வருஷம் வருதுன்னு சொன்னாங்கல்ல. அதை ஒரு ரவுண்டு முழுசா ஆடி முடிச்சுட்டாப் போதும்டா. அப்புறம் எனக்கு ஒண்ணும் வேணாம்."

அதை அவன் சோகமாகச் சொல்லவில்லை. ஊருக்குக் கிளம்புகிறவன், பெட்டியெல்லாம் கட்டியாச்சு என்று சொல்வதுபோலச் சொன்னான். பிழிந்த துண்டை அவள் இன்னொரு தடவை பிழிந்தாள்.

துண்டோடு உள்ளே போனாள். அவன் முகத்தைத் துடைத்தாள்.

"கயலு, அந்த கேம் வந்துருச்சான்னு கொஞ்சம் பாத்துச் சொல்றியா?"

"பாக்குறேங்க" என்றாள்.

போன வருஷம் ஆடியில் சென்னையிலிருந்து இருவரும் லீவுக்கு ஊருக்கு வந்திருந்தார்கள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட நிறையவில்லை. காவிரியில் புதுத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. சின்ன வயதிலிருந்து குதித்துப் பழகிய படித்துறைதான். செம்மண் கலங்கலுக்கு அடியில் மணல் மேடிட்டுக் கிடந்தது அவனுக்குத் தெரியவில்லை. தலைகீழாகக் குதித்தான். கழுத்து எலும்பு உடைந்தது. ஆறு மாதம் ஆஸ்பத்திரிகளில் கழிந்த பிறகு, கழுத்துக்குக் கீழே தோளும் முழங்கையும் கொஞ்சம் மணிக்கட்டும் மட்டும் அவன் சொன்னபடி கேட்டன. விரல்கள் கேட்கவில்லை.

திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில், அவன் சம்பாத்தியத்தில் அப்பாவுக்குக் கட்டிக் கொடுத்த வீட்டின் முன்னறையிலேயே அவனுக்குக் கட்டில் போட்டார்கள். புண் வராமல் இருக்கக் காற்று மெத்தை. அதன் மோட்டார் ஓயாமல் முனகிக்கொண்டே இருக்கும். கயல்விழி சென்னை வேலையை விட்டுவிட்டுத் திருக்காட்டுப்பள்ளியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் சேர்ந்தாள். பகலில் அவனுக்குத் துணை அவனுடைய அப்பா ரெத்தினம். நடவு, களை என்று வயல் வேலை இருக்கும்போதும் நடுநடுவே ஓடிவந்து மகனைப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டுப் போவார்.

இந்த வைகாசியில் இனியவனுக்குக் காய்ச்சல் வந்தது. வந்ததை அவன் யாரிடமும் சொல்லவில்லை. சிறுநீரில் கிருமி. உள்ளுக்குள் குளிர் நடுக்கம் வந்தபோதெல்லாம் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டான். கேட்டால் தூக்கம் வருகிறது என்றான். கயல்விழிக்கு அன்றாட வேலையே ஊரார் சிறுநீரில் சீழ் இருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுதான். தன் வீட்டில் இருந்ததை அவள் பார்க்கவில்லை. அவன் நினைவு தப்பிய பிறகுதான் தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டர் பிழைக்க வைத்துவிட்டார். வெளியே வந்து, "இவ்வளவு தூரம் எப்படிம்மா விட்டீங்க?" என்று கேட்டார். அவன் வேண்டுமென்றேதான் சொல்லாமல் இருந்தான் என்பது அவளுக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. இதுவரை அவனிடம் அதைக் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவன் எதையும் கேட்டதில்லை. இன்று காலை கேட்டதுதான் முதல் தடவை.

லேபில் கொஞ்சம் ஓய்ந்த நேரம் பார்த்து அவள் தேடினாள். விளையாட்டு போன வாரமே வெளிவந்துவிட்டது. சாம்பல் நிறக் கடலில் புகை கக்கிக்கொண்டு வரிசையாகப் போகும் போர்க்கப்பல்களின் படம். கீழே பச்சை நிறத்தில் ஒரு பட்டன். அமுக்கினால் ஆயிற்று. அவர்களால் வாங்க முடியாத விலையும் இல்லை. விரல் பட்டன்மேல் நின்றது. 'அப்புறம் எனக்கு ஒண்ணும் வேணாம்.'

வெளியே வந்து ஃபாஜிலைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, காலைல அவரு அனுப்புனதைக் கேட்டீங்களா?"

"திருப்பித் திருப்பிக் கேட்டேன் தங்கச்சி. இப்பத்தான் வாங்கி அனுப்பிடலாம்னு உக்காந்தேன்."

"அனுப்பாதீங்கண்ணே."

"ஏம்மா? ஒரு வருஷம் கழிச்சு வாயைத் தொறந்து ஒண்ணு கேக்குறான்..."

"கேக்குறாருல்ல, அதுக்குத்தான். அவருக்குன்னு மிச்சம் இருக்கற ஆசை அது ஒண்ணுதான். அதையும் குடுத்து முடிச்சுட்டா அப்புறம் என்னண்ணே இருக்கு?"

பிறகு ஃபாஜில், "அவன்கிட்ட என்ன சொல்லணும், சொல்லு. சொல்லிடறேன்" என்றான்.

அன்று சாயங்காலம் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னும் வரலைங்க. ஏதோ கோளாறாம். தள்ளி வச்சிருக்காங்க."

"எப்ப வருமாம்?"

"தீபாவளிக்கு முன்னாடி வந்துரும்னு போட்டிருக்கான்."

"ம்" என்றான். அன்று சோறு முழுவதையும் சாப்பிட்டான்.

அதற்குப் பிறகு அவள் பொய்யை ஒழுங்காகச் சொல்வதற்காகப் படிக்க வேண்டியதாயிற்று. மதிய இடைவேளையில் அந்த விளையாட்டைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தாள். சும்மா சுட்டுத்தள்ளுகிற விளையாட்டு இல்லை அது. ஒரு நாட்டின் கடற்படை முழுவதும் நம் பொறுப்பு. என்ன கப்பல் கட்டுவது, சரக்குக் கப்பல்களுக்கு யாரைக் காவல் அனுப்புவது, எதிரியின் துறைமுகத்தை மறிக்கலாமா வேண்டாமா என்று மாதாமாதம் முடிவு பண்ண வேண்டும். ஒரு ரவுண்டு என்பது அந்த நாட்டின் இருபது முப்பது வருஷ காலம்.

"கப்பல் வேகமா போகணும்னா இரும்புத் தகடு மெல்லிசா இருக்கணுமாமே?" என்று கேட்பாள்.

"அது க்ரூசருக்கு. வேகமா ஓடற சின்னப் போர்க்கப்பல்" என்று அவன் ஆரம்பிப்பான். மடங்கிய கையைப் போர்வைமேல் மெல்ல இழுத்து, இங்கே கரை, இங்கே நம்ம கப்பல், இப்படி ஓரமா வந்தா அவனுக்கு நம்ம புகை தெரியாது என்று காட்டுவான். சில நாள் அவன் முகத்தில் பழைய இனியவன் தெரிந்தான். அன்றெல்லாம் அவளுக்குப் பொய் சொல்வது பிடித்திருந்தது. சமையலறைக்குப் போனதும் நாள்காட்டியைப் பார்ப்பாள். எத்தனை நாளைக்கு இழுப்பது? தீபாவளி வந்துவிட்டால்? அடுத்த தேதி சொல்லலாம். அதற்கு அடுத்தது? கயிறு எந்த இடத்தில் அறுந்துவிடுமோ தெரியாமல் இழுத்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது.

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டது. நட்டு வேர் பிடிக்காத சம்பா நாற்று தண்ணீருக்குள் போயிற்று. வடிகாலை வெட்டிவிட ரெத்தினம் விடிந்ததிலிருந்து வயலிலேயே கிடந்தார். அடிக்கடி கரண்ட் போனது. மெத்தை மோட்டார் இன்வெர்ட்டரில் ஓடியது. இனியவன் மறுபடி சாப்பாட்டைக் குறைத்தான். இரண்டு வாய் வாங்கிக்கொண்டு தலையைத் திருப்பிக்கொள்வான். கயல்விழி தெர்மாமீட்டரைக் கையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தாள். அவன் கண்ணை மூடினால் நெற்றியில் கை வைத்தாள். தூங்கவிடாமல் பண்ணுகிறாள் என்று அவன் எரிந்து விழுந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ரசம் சோற்றைப் பிசைந்து கொண்டுவந்தாள். அவன் வாயைத் திறக்கவில்லை.

"ஒரு வாய். ஃபாஜில் அண்ணன் சொன்னாரு, கார்த்திகை பொறந்ததும் அந்த கேம்..."

"அது வந்து மாசக்கணக்காச்சு, கயலு."

கை அந்தரத்தில் நின்றது.

"உன்கிட்ட கேட்ட அன்னிக்கே ஃபோன்கிட்டயும் கேட்டேன். வந்துருச்சுன்னு அதுவே வாசிச்சுக் காட்டுச்சு. சாயங்காலம் நீ வந்து, வரலைன்னு சொன்ன."

"அப்ப ஏங்க சொல்லல?"

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அந்தப் பொய்யச் சொல்றப்ப மட்டும்தான் நீ உக்காந்து பேசின. மத்த நேரமெல்லாம் நின்னுக்கிட்டுதான் பேசுற. புரட்டறப்ப, தொடைக்கறப்ப, மூத்திரப் பை மாத்தறப்ப. நீ உக்காரணும்னுதான் நானும் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

அவள் தட்டைக் கீழே வைத்தாள். மழைச் சத்தத்தில் மோட்டார் முனகல் அமுங்கிப் போயிருந்தது.

"நானும் ஒண்ணு கேட்டேன். நீங்க அண்ணனுக்குச் சொன்னதை. ஆடி முடிச்சுட்டாப் போதும்னு."

அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"முடிச்சதும் என்ன செய்யறதா இருந்தீங்க? வைகாசில செஞ்சீங்களே, அதுவா? காய்ச்சலை மறைச்சுக்கிட்டுப் படுத்துக்கறதா?"

"ஆமா."

அவ்வளவு சுலபமாக அவன் ஒத்துக்கொள்வான் என்று அவள் நினைக்கவில்லை. "இப்ப?"

"இப்பவும் சில நாள்."

கயல்விழி கத்தினாள். கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிக்கொண்டு, தான் என்ன மரக்கட்டையா, தினம் செத்துச் செத்துப் பிழைப்பது கண்ணுக்குத் தெரியவில்லையா, லேபில் ஒவ்வொரு சிறுநீர் பாட்டிலையும் தொடும்போது வைகாசிதான் ஞாபகம் வருகிறதே அது தெரியுமா என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டாள். கம்பி ஆட, மாட்டியிருந்த ஃபோன் கீழே விழுந்தது. "அந்தக் கருமத்தை நான் வாங்கவே மாட்டேன்" என்று முடித்தாள். தரையில் உட்கார்ந்து அழுதாள். அவனும் அழுதான். அவனால் கண்ணைத் துடைத்துக்கொள்ள முடியாது. அவள் எழுந்துபோய்த் துடைக்கவில்லை.

அழுகை அடங்கியதும் அவன் சொன்னான்: "நான் உன்னை வாங்கச் சொல்லல. எப்ப திரும்பிப் படுக்கணும், எப்ப தண்ணி குடிக்கணும், எல்லாம் நீயும் அப்பாவும் முடிவு பண்றீங்க. வேற வழியில்ல, சரி. இதை வாங்கறதா வேணாமான்னு நான் முடிவு பண்றேனே. அதையாவது விடு."

அவளுக்குக் கோபம் தீரவில்லை. ஆனாலும் எழுந்து, ஒரு வருஷமாகத் துணிக்கடியில் கிடந்த லேப்டாப்பை அலமாரியிலிருந்து எடுத்தாள்.

அவன் உடனே வாங்கிவிடுவான் என்றுதான் எதிர்பார்த்தாள். வாங்கவில்லை. காலையில் வேலைக்குப் போகும்போது கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி எதிரே லேப்டாப்பை வைத்துவிட்டுப் போனாள். வாங்கியவர்கள் எழுதியதையெல்லாம் அவன் ஒன்றுவிடாமல் படித்தான். சிலர் மெதுவாக ஓடுகிறது என்று திட்டியிருந்தார்கள். சிலர் எதிரிக்குப் புத்தி போதவில்லை என்றார்கள். இனியவன் முன்பும் இப்படித்தான். ஒரு செருப்பு வாங்குவதற்குள் கடைக்காரனைக் கிறுக்காக்கிவிடுவான். ஆனால் நாள் ஆக ஆக, அவன் படிப்பது குறைந்து வெறுமனே திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கயல்விழி கவனித்தாள்.

"என்னங்க, பிடிக்கலையா?"

"பிடிச்சிருக்கு."

"பின்ன?"

"எல்லாமே மவுஸ்லதான் கயலு. கப்பலைத் தொட்டு இழுத்துக் கொண்டுபோய் விடணும். சின்னச் சின்னப் புள்ளியா இருக்கு." தன் கையைப் பார்த்தான். "வாங்கி வச்சுட்டு என்னால முடியலைன்னா? இப்ப, வாங்கினா ஆடலாம்னு ஒண்ணு இருக்குல்ல. முடியலைன்னு தெரிஞ்சுட்டா அதுவும் போச்சு."

ஃபாஜிலிடம் லேப் வாசலில் நின்று அவள் சொன்னதும் ஏறக்குறைய இதேதான். அவள் அவனுக்காகப் பயந்தாள். அவன் தன் கைக்காகப் பயந்தான்.

"முடியலைன்னா முடியலைன்னு தெரிஞ்சுக்குவோம்" என்றாள். சொல்லும்போதே தன் குரல் தனக்கே நம்பிக்கை தராமல் கேட்டது.

லேபில் கிழிந்து ஒதுக்கிப் போட்டிருந்த ரத்த அழுத்தக் கருவியின் துணிப்பட்டையைக் கேட்டு வாங்கிவந்தாள். அதை வெட்டி, அவன் உள்ளங்கையைச் சுற்றி ஒட்டிக்கொள்கிறமாதிரி தைத்து, ஒரு பென்சிலைச் செருகினாள். பென்சிலால் எழுத்துகளைத் தட்டலாம். மவுசுக்குப் பதிலாக, மேலே பெரிய உருண்டை வைத்த ஒன்றைத் தஞ்சாவூரில் தேடிப் பிடித்தாள். உள்ளங்கை ஓரத்தால் அதை உருட்டினால் அம்பு நகரும். முதல் நாள் அம்பு திரையெங்கும் ஓடியது. அவன் கெட்ட வார்த்தையில் திட்டினான். ரெத்தினம், "அவசரப்படாத தம்பி, ஏர் புதுசா புடிக்கறவன் கோணலாத்தான் ஓட்டுவான்" என்றார். "நீங்க பேசாம இருங்கப்பா" என்றான். முழங்கை நடுங்கி ஓய்ந்துபோகும்வரை உருட்டினான். மறுநாளும் உருட்டினான். எதையும் திறக்கவில்லை. வெறும் திரையில், ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு.

கார்த்திகையில் மழை விட்ட ஒரு நாள் காலை, "வாங்கறேன்" என்றான். "நீ தொடாத. நம்பரை மட்டும் வாசி."

பணம் கட்டுவதற்காக ஃபோனுக்கு வந்த எண்ணை அவள் வாசித்தாள். பென்சில் வழுக்கி வேறு எண்ணில் விழுந்தது. அழித்துத் திரும்பத் தட்டுவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது தடவை சரியாக விழுந்தது. பச்சைப் பட்டனை அவன் உள்ளங்கை ஓரத்தால் அமுக்கினான். கயல்விழி நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். தடுத்திருக்க வேண்டுமோ என்று அப்போதும் தோன்றியது.

ஃபாஜிலுக்கு அன்று விடுமுறை. வீடியோ காலில் லேப்டாப் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இனியவன் கடற்கரை கொஞ்சமாக இருக்கிற ஒரு சின்ன நாட்டை எடுத்துக்கொண்டான். "ஏண்டா, பெரிய நாடா பாத்து எடுக்கக்கூடாதா?" என்று ஃபாஜில் கேட்டதற்கு, "இதைத்தான் என்னால பாத்துக்க முடியும்" என்றான். எதிரிக் கப்பல்கள் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்றன. அவனுடைய மூன்று க்ரூசர்களையும் இருட்டோடு ஓரமாகக் கிளப்பி, பின்னால் போய் மடக்குவது என்று திட்டம். அவள் பக்கத்தில் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். திருப்ப வேண்டிய இடத்தில் உருண்டை வழுக்கியது. கப்பல்கள் எதிரியின் பீரங்கி வரிசைக்கு நேரே போய் நின்றன. திருத்துவதற்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. கடைசிப் புள்ளி அணைந்ததும் இனியவன் உருண்டையிலிருந்து கையை எடுத்தான்.

"மச்சான்?" என்றான் ஃபாஜில் பயந்துபோய்.

இனியவன் முகம் வெளுத்திருந்தது. கயல்விழி, போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள். பச்சைப் பட்டனை அமுக்கவிட்ட தன்னைத் தானே சபித்துக்கொண்டாள்.

"யாரும் என்னை முக்கல" என்றான் அவன் மெதுவாக. "நானேதான் தப்பாத் திருப்பிட்டேன்."

"சரிங்க, போதும், படுத்துக்கங்க..."

"திட்டம் சரியாத்தான் இருந்துச்சு மச்சான், பாத்தியா?"

"நல்ல திட்டம்டா" என்றான் ஃபாஜில்.

ஃபோனை அணைத்துவிட்டு அவள் அவன் கைப்பட்டையைக் கழற்றினாள். தோல் சிவந்திருந்தது. எண்ணெய் தொட்டுத் தடவினாள்.

"எனக்கு ஒரு சத்தியம் பண்ணுங்க" என்றாள்.

"கேக்காத கயலு. பண்ணினா பொய்யாப் போனாலும் போயிரும்."

"அப்ப இந்த ரவுண்டு முடிஞ்சா?"

"தெரியல." அவள் பக்கம் தலையைத் திருப்பினான். "ஆனா உன்கிட்ட சொல்லாம இருக்க மாட்டேன். காய்ச்சலா இருந்தாலும், மனசு அப்படிப் போனாலும் சொல்லிடறேன். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

அவள் கேட்க நினைத்தது இது இல்லை. நிச்சயமாக இருப்பேன் என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டானா என்று அவன் வாயையே பார்த்தாள். அவன் சொல்லவில்லை. வயலிலிருந்து வந்து நின்ற ரெத்தினம் முழங்கால் வரை சேற்றோடு வாசலிலிருந்தே கேட்டார்:

"என்ன ஆயி, கப்பல் ஓடுச்சா?"

"முங்கிருச்சு மாமா. மூணும்."

"மூணுமா?" அவர் மகனைப் பார்த்தார். "வேற இருக்குல்ல?"

"இன்னும் ரெண்டு இருக்குப்பா" என்றான் இனியவன். "பழசு. வேகம் பத்தாது."

"பழசா இருந்தா என்ன" என்று சொல்லிவிட்டு அவர் கால் கழுவப் போனார். கயல்விழி எண்ணெய்க் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நின்றாள். அடுப்பில் சோறு கொதித்து வழிந்து, கரிந்த வாசனை வந்தது. அப்போதும் நகரத் தோன்றவில்லை அவளுக்கு.